சூப்பர்சார்ஜர் வண்டிக்கு எந்த கேம்? தினமும் ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களும் ஃபோனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாமே ஒரு வகை வண்டியைப் பற்றியது. சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சின் பெல்ட்டால் சுற்றிக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி, உள்ள பெட்ரோல் கார். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மணலிக்கோ எண்ணூருக்கோ வேலைக்குப் போய், இரவு கன்டெய்னர் லாரி வரிசையில் ஊர்ந்து வீடு திரும்புகிற கார்.

கேம்ஷாஃப்ட் மாற்றினால் உண்மையில் என்ன மாறுகிறது?

காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வையும் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வையும் தள்ளித் திறக்கும் மேடுகள் உள்ள தண்டுதான் கேம்ஷாஃப்ட், சுருக்கமாக கேம். அதை மாற்றினால் வால்வு எப்போது திறக்கிறது, எவ்வளவு உயரம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்தே இருக்கிறது என்ற மூன்றும் மாறும். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. உயரத்தை லிஃப்ட் என்கிறோம், மில்லிமீட்டரில் சொல்வோம். திறந்திருக்கும் நேரம் டியூரேஷன், கிராங்க் டிகிரியில் சொல்வோம். இன்லெட் கேமின் மூக்குக்கும், அதாவது மேட்டின் உச்சிக்கும், எக்ஸாஸ்ட் கேமின் மூக்குக்கும் இடையிலுள்ள கோணம் எல்எஸ்ஏ (லோப் செப்பரேஷன் ஆங்கிள்). சூப்பர்சார்ஜர் வண்டிக்காரர் முதலில் பார்க்க வேண்டிய எண் இந்த மூன்றாவதுதான். கடைக்காரர் கடைசியாகச் சொல்வதும் இதைத்தான்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1950களிலிருந்து புல்லட் செய்த ஊர். பழைய புல்லட்டின் டைமிங் கவரைக் கழற்றினால் இன்லெட்டுக்கு ஒரு கேம், எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு கேம், இரண்டும் தனித்தனிப் பல்சக்கரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றை ஒரு பல் தள்ளிப் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் இங்கே நிறைய.

ரேஸ் கேம் என்று விற்பதை சூப்பர்சார்ஜர் வண்டியில் போட்டால் என்ன தவறு?

புகை வெளியேறி முடியும் தறுவாயில் எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது. அதற்குள் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சில டிகிரிகள்தான் ஓவர்லேப். சாதாரண எஞ்சினில் ஓவர்லேப் நல்லது. வேகமாக வெளியேறும் புகை தன் பின்னால் ஒரு இழுவையை உண்டாக்கி, புதுக் காற்றை உள்ளே இழுத்து வரும். ரேஸ் கேம் முழுக்க அந்த இழுவையை நம்பிச் செய்யப்பட்டது.

சூப்பர்சார்ஜர் இருக்கும் இடத்தில் காற்றை யாரும் இழுக்க வேண்டியதில்லை, அது தள்ளப்பட்டே வருகிறது. இன்லெட் பக்கம் அழுத்தம் கூடுதல், எக்ஸாஸ்ட் பக்கம் குறைவு. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், பெல்ட் சுற்றிச் சுற்றி அமுக்கிய காற்று சிலிண்டரில் நிற்காமல் நேராக சைலன்சருக்குப் போய்விடும். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி, அதாவது இன்லெட் வால்வுக்கு முன்பே பெட்ரோல் தெளிக்கும் வண்டி, என்றால் கூடவே பெட்ரோலும் போகும். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரியும், கன்வர்ட்டர் சூட்டில் பழுத்துப்போகும். எஞ்சினிடமிருந்து சக்தியை வாங்கித்தான் சூப்பர்சார்ஜர் சுழல்கிறது. வாங்கிய சக்தியை இப்படிக் கோட்டைவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

ஓவர்லேப்பை நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். கேமோடு வரும் அளவு அட்டையில் உள்ள இன்லெட், எக்ஸாஸ்ட் டியூரேஷன் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அதிலிருந்து எல்எஸ்ஏயின் இரண்டு மடங்கைக் கழியுங்கள்.

இன்லெட் 264, எக்ஸாஸ்ட் 272, எல்எஸ்ஏ 114 என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாதியாக்கினால் 268. அதில் 228 போக 40 டிகிரி. அதே டியூரேஷனில் எல்எஸ்ஏ 108 என்றால் 52 டிகிரி. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் 264 என்று ஒரே எண்தான் இருக்கும், ஆனால் இரண்டும் இரண்டு வேறு எஞ்சின்கள்.

ஒரு எச்சரிக்கை. டியூரேஷனை எந்த லிஃப்டில் அளந்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 0.050 அங்குலத்தில், அதாவது 1.27 மில்லிமீட்டரில், அளந்த எண்ணையும் கொடுப்பார்கள். ஜப்பானியர்கள் பலர் 1 மில்லிமீட்டரில் அளப்பார்கள். விளம்பரத்தில் போடும் எண்ணோ வால்வு கொஞ்சம் அசைந்த உடனேயே தொடங்கிவிடும், அதனால் பெரிதாகத் தெரியும். அளவுகோலே வேறாக இருக்கும்போது இரண்டு கேமை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

சரி, எண்ணைச் சொல்லுங்கள். எவ்வளவு போடலாம்?

1.5 முதல் 1.8 லிட்டர் வரை, சிலிண்டருக்கு நான்கு வால்வு, சூப்பர்சார்ஜர் கூட்டும் அழுத்தம், அதாவது பூஸ்ட், 0.5 அல்லது 0.6 பார், தினசரி ஓட்டம். இதற்கு நான் பரிந்துரைப்பது விளம்பர எண்ணில் இன்லெட் 250களில், மிஞ்சிப்போனால் 264. எக்ஸாஸ்ட் அதைவிட 6 முதல் 10 டிகிரி கூடுதல். எல்எஸ்ஏ 112க்குக் கீழே போகவே வேண்டாம், 114 நல்லது.

எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் கூடுதல்? உள்ளே அனுப்பும்போது உதவிக்கு சூப்பர்சார்ஜர் இருக்கிறது, வெளியே அனுப்ப யாருமில்லை. அதிகக் காற்று எரிந்தால் அதிகப் புகை, எக்ஸாஸ்ட் வால்வோ அளவில் சின்னது. அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

லிஃப்ட்டைப் பொறுத்தவரை நான் தாராளம். டியூரேஷனைச் சின்னதாக வைத்துக்கொண்டு லிஃப்ட்டை ஏற்றினால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கெடாது, மேலேயும் காற்று தாராளமாக வரும். ஸ்பிரிங்கும் இடைவெளியும் அனுமதிக்கிற வரை ஏற்றலாம்.

இரட்டை கேம் எஞ்சினில் எல்எஸ்ஏ கேமில் வெட்டி வருவதில்லை, நீங்கள் பொருத்தும் விதத்தில் வருகிறது. இன்லெட் மையம் 112, எக்ஸாஸ்ட் மையம் 116 என்றால் சராசரி 114. திருப்பி வைக்கக்கூடிய பல்சக்கரமான அட்ஜஸ்டபிள் கேம் கியர் போட்டு இன்லெட்டைப் பின்னுக்கும் எக்ஸாஸ்ட்டை முன்னுக்கும் தள்ளினால் ஓவர்லேப் குறையும். கேம் கியரில் 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. இதை மறந்து இரட்டிப்பாகத் திருப்பியவர்களை அறிவேன்.

டர்போ கேம் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

ஓவர்லேப் அளவில் பெரும்பாலும் ஒத்துவரும், ஏனென்றால் வெளியேறும் புகையால் சுற்றும் டர்போவிலும் அது கூடாது. அங்கே காரணம் வேறு: டர்பைனுக்கு முன்னால் தேங்கும் புகை திரும்பி உள்ளே வந்துவிடும். ஆனால் எக்ஸாஸ்ட் டியூரேஷன் பல டர்போ கேம்களில் இன்லெட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும். அட்டையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எந்த வகை சூப்பர்சார்ஜர் என்பதைப் பொறுத்து கேம் மாறுமா?

மாறும். இரண்டு சுழலிகளைக் கொண்ட ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகள் இரண்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளும், அதனால் 2000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் வந்துவிடும். கேம் கொஞ்சம் பெரிதானாலும் கீழ் இழுவையை அது தாங்கிப் பிடிக்கும். விசிறிச் சக்கரம் காற்றை வீசித் தள்ளும் சென்ட்ரிஃபியூகலில் பூஸ்ட் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். பாதி ஆர்பிஎம்மில் கால்வாசி பூஸ்ட்தான். அதில் பெரிய கேமும் போட்டால் 3000க்குக் கீழே இரண்டும் சேர்ந்து கைவிட்டுவிடும். வைத்தியநாதன் பாலம் ஏறும்போது இரண்டாம் கியரில் வண்டி முனகும். சென்ட்ரிஃபியூகல் வைத்திருப்பவர்கள் கம்பெனி கேமோடே இருங்கள், அல்லது அதற்கு அடுத்த படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புது கேம் போட்டதும் பூஸ்ட் கேஜ் குறைத்துக் காட்டுகிறது. எங்கேயாவது லீக்கா?

பெரும்பாலும் இல்லை. பூஸ்ட் என்பது எஞ்சின் வாங்கிக்கொள்ள முடியாமல் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயில்) நெருக்கியடித்து நிற்கும் காற்றின் அழுத்தம். கேம் நன்றாகச் சுவாசிக்கவிட்டால் நெரிசல் குறையும். 0.6 பார் காட்டிய கேஜ், சூப்பர்சார்ஜரைச் சுற்றும் அதே புல்லியில் 0.5 காட்டும், வண்டி முன்னைவிட வேகமாகவும் போகும். ஆனால் கேஜ் இறங்கி இழுவையும் இறங்கினால் ஓவர்லேப் வழியாகக் காற்று தப்புகிறது என்று சந்தேகப்படுங்கள்.

"அண்ணா, சிக்னலில் நிற்கும்போது அந்தத் துள்ளல் சத்தம் வரணும்." வருமா?

வரும். வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் மன்றாடுகிறேன்.

அந்தச் சத்தம் ஓவர்லேப்பின் சத்தம். ஐடிலிங்கில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) புகை இன்லெட் பக்கம் திரும்பிவந்து புதுக் காற்றோடு கலப்பதால் எஞ்சின் ஒழுங்காக எரியாமல் விட்டு விட்டு எரிகிறது. அதோடு மேனிஃபோல்டின் வெற்றிடமும் விழுந்துவிடும். நல்ல கம்பெனி எஞ்சின் சூடான ஐடிலிங்கில் 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவில்) வெற்றிடம் காட்டும். பெரிய ஓவர்லேப் கேம் அதை 10, 12க்கு இறக்கிவிடும்.

சில வருடங்களுக்கு முன் என் சொந்த வண்டியில் 280 டிகிரி கேம் போட்டிருந்தேன். 1.6 லிட்டர், ரூட்ஸ் வகை. மே மாதம், மதியம், மூலக்கடை சந்திப்பில் நிற்கிறேன். ஏசி கம்ப்ரஸர் 'டக்' என்று பிடித்ததும் ஆர்பிஎம் முள் 1100லிருந்து 600க்குச் சரிந்தது. எஞ்சின் அணையக்கூடாதென்று ஒரு காலால் ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்தேன். லாரி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், அது நின்றது. பிரேக்கை மிதித்தால் பெடல் செங்கல் மாதிரி இருந்தது. இரண்டு காலும் போட்டு அழுத்தித்தான் நிறுத்தினேன். முன்னால் இருந்த டிரெய்லரின் பம்பர் கம்பிக்கும் என் பானெட்டுக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. மிதிக்கும் விசையைக் கூட்டும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த வெற்றிடத்தில்தான். கேம் வெற்றிடத்தைத் தின்றுவிட்டால், இரண்டு மூன்று முறை மிதித்ததும் பூஸ்டர் காலி. அடுத்த வாரமே அந்த கேமைக் கழற்றினேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. பல சூப்பர்சார்ஜர்களில் காற்றைச் சுற்றித் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திறந்து வைப்பதும் இதே வெற்றிடம்தான். மெதுவாகப் போகும்போது பைபாஸ் முழுதாகத் திறந்தால் சூப்பர்சார்ஜர் சும்மா சுற்றும், எஞ்சினுக்குச் சுமையில்லை. வெற்றிடம் போதாமல் அது அரைகுறையாகத் திறந்தால், டிராஃபிக்கில் ஊரும்போதும் காற்றை அமுக்கிச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், காற்று கொதிக்கும்.

வால்வு ஸ்பிரிங் மாற்றியே ஆக வேண்டுமா? கேம் விற்றவர் தேவையில்லை என்றாரே?

33 மில்லிமீட்டர் இன்லெட் வால்வின் பரப்பு 8.5 சதுர சென்டிமீட்டர். 0.6 பார் பூஸ்ட் அதன் முதுகில் 5 கிலோவுக்கு மேல் அழுத்தி, வால்வைத் திறக்கப் பார்க்கிறது. ஸ்பிரிங் மூடிப் பிடிக்கும் விசையிலிருந்து அவ்வளவும் கழிந்துபோகும். பழைய தளர்ந்த ஸ்பிரிங்கோடு வேகமாக ஏறி இறங்கும் கேமையும் போட்டால், மேல் ஆர்பிஎம்மில் வால்வு இருக்கையில் உட்காராமல் துள்ளும். ஸ்பிரிங்கோடு அதன் தலையில் உட்காரும் ரிட்டெய்னர் மூடியையும் பாருங்கள். முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, ரிட்டெய்னர் வால்வு சீலைத் தொடக்கூடாது.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியை நாங்கள் களிமண்ணால்தான் பார்க்கிறோம், பிள்ளைகள் பொம்மை செய்கிற அந்த வண்ணக் களிமண். பிஸ்டன் தலையில் பட்டையாக ஒட்டி, வால்வு முகத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, டைமிங் கட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவோம். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு ஹெட்டைத் தூக்கினால் களிமண்ணில் வால்வின் பிறை பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரில் அளப்போம். இன்லெட்டுக்கு 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த கேமை நான் பூட்டுவதில்லை. அரை நாள் வேலை. இதற்குக் காசு கொடுக்கத் தயங்குகிறவர்களிடம் நான் கோபித்துக்கொண்டதும் உண்டு.

என் பழைய கேமையே அரைத்துப் பெரிதாக்கித் தர முடியாதா?

லிஃப்ட் 1 மில்லிமீட்டர் கூட வேண்டுமென்றால், மூக்கை அப்படியே விட்டு அடிவட்டத்தில் (மேடில்லாத வட்டப் பகுதியில்) 1 மில்லிமீட்டர் அரைக்க வேண்டும். அப்போது டேப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள உறுப்பு) இடைவெளி அவ்வளவு விரியும், அந்தக் கனத்துக்கு ஷிம் என்ற தகடு போட வேண்டும். ஹைட்ராலிக் டேப்பெட் என்றால் அதன் எட்டும் தூரம் முடிந்து சத்தம் போடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, வார்ப்பிரும்பு கேமின் மேல்தோல் மட்டும்தான் கடினம். ஆழமாக அரைத்தால் மென்மையான பகுதி வெளியே வந்துவிடும். அரைத்த பிறகு கடினத்தைச் சோதித்துக் காட்டுகிற பட்டறையிடம் மட்டும் கொடுங்கள்.

பென்ஸ் கொம்ப்ரெசர் வைத்திருக்கிறேன். அதற்கு என்ன செய்யலாம்?

கொம்ப்ரெசர் என்பது பென்ஸின் சூப்பர்சார்ஜர் கார்களின் பெயர். அவற்றின் 1.8 லிட்டர் எஞ்சினில் இரண்டு கேமுக்கும் தானாக டைமிங் மாற்றும் அட்ஜஸ்டர் உண்டு. கம்பெனி கேம் அந்த அட்ஜஸ்டர் நகரும் தூரத்துக்கு அளந்து செய்தது. பெரிய கேம் போட்டால் அட்ஜஸ்டர் முழுதாக முன்னே தள்ளும்போது வால்வு பிஸ்டனைத் தேடிப் போகும். நகர்வைப் பூட்டியோ குறைத்தோ ஆக வேண்டும், அதைச் செய்யும்போது அந்த எஞ்சினின் நல்ல குணம் பாதி போய்விடும். டைமிங் செயினையும் அட்ஜஸ்டர் பற்களையும் சரிபார்த்து, கம்பெனி கேமை அப்படியே விட்டு, காற்றைக் குளிர்விப்பதில் பணத்தைப் போடுங்கள். அட்ஜஸ்டர் உள்ள எல்லா வண்டிக்கும் என் பதில் இதுதான்.

பெட்ரோல், வெயில் இரண்டும் கேம் தேர்வைப் பாதிக்குமா?

40 டிகிரி காற்றை ரூட்ஸ் வகை 0.6 பாருக்கு அமுக்கினால், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் 100 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது, வருவதற்கு நேரமாகாது. இன்லெட் வால்வு எவ்வளவு தாமதமாக மூடுகிறதோ, அவ்வளவு குறைவாகக் காற்று சிலிண்டருக்குள் அமுங்கும், நாக்கிங்கும் குறையும். மாஸ்டா 1993இல் தன் 2.3 லிட்டர் வி6இல் இதையே செய்தது: இன்லெட்டை வேண்டுமென்றே தாமதமாக மூடி, இழந்த காற்றை சூப்பர்சார்ஜரால் ஈடுகட்டியது. மில்லர் சுழற்சி என்று அதற்குப் பெயர். ஆகவே இன்லெட் கேமை 2, 3 டிகிரி தாமதமாக வைப்பது நம் வெயிலுக்கு உதவும். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வண்டிகளில் நான் அப்படித்தான் வைக்கிறேன்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. சுத்த பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு என்றிருந்த காற்று விகிதம் இதற்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு ஒன்பது சதவீதம் போலக் கூடுதல் எரிபொருள். இன்ஜெக்டர் ஏற்கெனவே எல்லையில் ஓடும் வண்டியில், காற்றைக் கூட்டும் கேமைப் போடுவது விளையாட்டில்லை. 95 ஆக்டேன் போடுவதென்று முடிவெடுத்தால் எப்போதும் அதையே போடுங்கள். ட்யூனிங் அதற்குத்தான் செய்திருக்கும்.

புது கேம் பூட்டியதும் எப்படி ஓட்டத் தொடங்குவது?

கேம் முழுக்க மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். பெட்ரோலை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். உருளை இல்லாத, கேமில் நேரடியாக உரசும் டேப்பெட் என்றால் ஐடிலிங்கில் விடவே கூடாது. ஸ்டார்ட் ஆனதும் 2000 ஆர்பிஎம், 20 நிமிடம், கொஞ்சம் ஏற்றி இறக்கி. துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள ஆயில். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள்.

புகைச் சான்றிதழ், ஆர்டிஓ?

பிஎஸ்4 முதல் வந்த பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் எல்லை. 2500 ஆர்பிஎம் சோதனையில் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் லாம்டா 1ஐ ஒட்டி, 0.03க்குள் இருக்க வேண்டும். ஓவர்லேப் அதிகமுள்ள கேமில் எரியாத பெட்ரோல் வெளியேறுவதால் ஹைட்ரோகார்பன்தான் முதலில் தாண்டும். சுற்றிலும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் உள்ள பகுதியில் மூச்சுவிடுகிறோம், நம் வண்டியும் அதில் சேரக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெளியிலிருந்து வாங்கிப் பூட்டும் சூப்பர்சார்ஜர் கிட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்பதை வேலைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸிலும் மறைக்காதீர்கள்.

முழு த்ராட்டில் சோதனைக்கு இரவில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை போதுமா?

கூடவே கூடாது. விளக்கில்லாமல் ஓரம் நிற்கும் டிரெய்லர்களை அந்தச் சாலையில் தினமும் பார்க்கிறோம். எங்கள் அப்பா காலத்தில் ரேஸ் என்றாலே சோழவரம் ஓடுதளம், வடசென்னையிலிருந்து ஒரு மிதி. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. அங்கே டிராக் நாள் கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றுங்கள். டைனோவில் 1500 முதல் 3500 ஆர்பிஎம் வரை உள்ள டார்க் (முறுக்குவிசை) கோட்டைத் தனியாக அச்சிட்டு வாங்குங்கள். உச்சக் குதிரைத்திறனை ட்யூனர் கேட்காமலே காட்டுவார். நீங்கள் தினமும் ஓட்டுவது அந்தக் கீழ்ப் பகுதியில். பழைய கேமின் கோட்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள். புதுக் கோடு அங்கே கீழே இறங்கியிருந்தால் கேம் கியரில் எல்எஸ்ஏயை 2 டிகிரி விரித்து, மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.